தோல் பையில் இனிஷியல் சரியாக விழவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

இனிஷியல் பதிப்பதில் வரும் கோளாறுகள் அதிகமில்லை. அதே கோளாறுகள்தான் ஆள் மாறி ஆள் மாறித் திரும்ப வருகின்றன. கிருஷ்ணகிரியில் தோல் பை, பெல்ட், பர்ஸ் ரிப்பேரோடு பெயர் பதிக்கும் வேலையும் செய்கிறேன். வீட்டிலேயே பஞ்ச் (முனையில் எழுத்து செதுக்கிய உலோகத் துண்டு) வாங்கி அடித்துப் பார்த்தவர்கள், புதிதாக ஹேண்ட் பிரஸ் (அச்சைச் சூடாக்கிக் கையால் அழுத்தும் மெஷின்) வாங்கிப் போட்ட கடைக்காரர்கள், ஓசூரிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து "எழுத்து சரியா விழலைங்க, என்ன பண்றது?" என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் பையில் தெரியும் கோளாறு எந்தத் தலைப்பில் இருக்கிறதோ, நேராக அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு பிடிக்கும் காரணம் கடைசியில் வரும்.

ஒன்றை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். எழுத்து விழவில்லை என்றதும் கை தானாகச் சூட்டைக் கூட்டப் போகும். கூட்டாதீர்கள். ஈரம் அதிகமானால் காயவிடலாம், அழுத்தம் போதாவிட்டால் மறுபடி அழுத்தலாம். கருகிய தோலை மீட்க வழியே இல்லை. அதனால் சூட்டைக் கடைசியில்தான் தொட வேண்டும்.

## எந்தக் கோளாறானாலும் முதல் சோதனை: இது என்ன தோல்?

பையின் உள்ளே, வார் முடியும் இடத்தில், எங்காவது வெட்டுமுனை தெரியும். முனை முழுக்க ஒரே பழுப்பாக, நார் நாராக இருந்தால் பெரும்பாலும் அது வெஜ்-டேன், அதாவது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது. நடுவில் நீலச்சாம்பல் கோடு ஓடினால் குரோம் தோல், அதாவது குரோமிய உப்பில் பதனிட்டது. அடியில் நெய்த துணி தெரிந்தால் ரெக்சின் அல்லது பி.யு. என்ற செயற்கைத் தோல். சில குரோம் தோலுக்குச் சாயம் உள்வரை ஏறியிருக்கும், கோடு தெரியாது. அப்போது மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில நொடியில் உறிஞ்சி அந்த இடம் கருத்தால் பூச்சில்லாத வெஜ்-டேன். சொட்டு முத்தாக நின்றால் மேலே பூச்சு இருக்கிறது. அது குரோம் தோலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கடையில் வாங்கிய பைகளில் பெரும்பாலானவை குரோம்தான். பஞ்ச் செட்டோடு வரும் விளக்கமும் வீடியோக்களும் பெரும்பாலும் வெஜ்-டேனுக்குச் சொல்பவை. பாதிக் கோளாறு இந்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

ஸ்வேட் மாதிரி மேலே மெல்லிய மயிர்போல் நார் எழும்பிய தோல் என்றால் இங்கேயே நிறுத்திவிடுங்கள். அதில் எழுத்து தெளிவாக நிற்காது.

தோல் வகை தெரிந்ததும் அதே தோலில் ஒரு சோதனை போடுங்கள். வாரின் நுனி, மூடியின் உள்மடிப்பு, ஜிப் முடியும் மூலை, எது வெளியே தெரியாதோ அது. வேறு துண்டில் போட்டுப் பார்த்தால் பாதிப் பயன்தான். துண்டுத் தோல் வேண்டுமென்றால் நமக்குப் பக்கத்திலேயே வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு இருக்கின்றன. சென்னை போகிறவர்களுக்குப் பெரியமேடு. வாங்கும்போது வெஜ்-டேனா குரோமா என்று கேட்டு, துண்டின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

## எழுத்து மங்கலாக விழுகிறது

### போட்ட உடனேயே மங்கல்: வெஜ்-டேன், பஞ்சும் சுத்தியலும்

முதலில் ஈரத்தைப் பாருங்கள். காய்ந்த வெஜ்-டேனில் பஞ்ச் அடித்தால் மேலே கோடு விழும், ஆழம் வராது. சொட்டச் சொட்ட நனைத்து அடித்தாலும் பயனில்லை. எழுத்தின் ஓரத்தில் தண்ணீர் கசியும், அடித்த பள்ளம் கண்ணெதிரே மேலேறும். ஸ்பாஞ்சால் மேற்பரப்பு முழுக்க ஒரே சீராக நனையுங்கள். எழுத்து வரும் இடத்தை மட்டும் நனைத்தால் ஈரம் நின்ற எல்லையில் வளையமாகக் கறை விழும். அப்புறம் காத்திருங்கள். தோலின் நிறம் கிட்டத்தட்ட பழையபடி வெளுத்திருக்க வேண்டும், ஆனால் புறங்கையை வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும். அதுதான் நேரம்.

இத்தனை நிமிடம் என்று நான் சொல்வதில்லை. சித்திரை வெயிலில் கிருஷ்ணகிரியில் ஃபேனுக்கு அடியில் வைத்தால் எழுத்தை அடுக்கி முடிப்பதற்குள் காய்ந்துவிடும். மார்கழியில் தளி, ஓசூர் பக்கம் அதே ஈரம் வெகுநேரம் நிற்கும். கடிகாரத்தை விட்டுவிட்டுத் தோலைத் தொட்டுப் பாருங்கள். பெல்ட் மாதிரி தடிமனான தோலை முதல் நாள் இரவே நனைத்து பாலிதீன் பையில் சுற்றி வைத்தால் ஈரம் உள்வரை சீராக ஏறியிருக்கும். காலையில் எடுத்து மேற்பரப்பு கொஞ்சம் காய்ந்ததும் அடிக்கலாம்.

ஈரம் சரி, அப்படியும் மங்கலா? அடித்தளத்தைப் பாருங்கள். மரமேசை, மடித்த துணி, மொசைக் தரையில் விரித்த பாய், இவை எல்லாமே அடியின் பலத்தைக் குடித்துவிடும். நம் மாவட்டத்தில் இதற்குத் தீர்வு தேடி அலையவே வேண்டாம். கிரானைட் பாலிஷ் போடும் இடங்களில் உடைந்த துண்டு கேட்டால் கிடைக்கும். ஒரு சாண் அகலம், ஒன்றிரண்டு அங்குலத் தடிமன் போதும். கல்லுக்கு அடியில் பழைய ரப்பர் மேட் போடுங்கள், சத்தம் குறையும், கல்லும் நகராது. தைத்து முடித்த பையென்றால் கல்லை உள்ளே நுழைக்க முடிகிற இடத்தில்தான் எழுத்தைப் போட வேண்டும். மூடியும் வாரும் அதற்கு ஏற்றவை.

அடுத்து அடி. எழுத்துப் பஞ்சைக் கொட்டாப்புளியாலோ நைலான் சுத்தியாலோ அடிப்பது நல்லது. இரும்புச் சுத்தியல் பஞ்சின் தலையைப் பரப்பிவிடும், சில்லும் தெறிக்கும். கொட்டாப்புளிக்கு எடை இருக்க வேண்டும். எடை குறைந்த சுத்தியால் பலமுறை தட்டுவதைவிட எடையுள்ளதால் ஒரே அடி மேல்.

தோலின் தடிமன் 1.5 மி.மீ.க்குக் கீழே என்றால் பள்ளம் விழ இடமே இல்லை. அங்கே மெல்லிய கோட்டு எழுத்தோடு திருப்திப்படுங்கள். பஞ்சே தேய்ந்திருந்தால் அந்த எழுத்தை மட்டும் மாற்றுங்கள். முழு செட் வாங்க வேண்டியதில்லை.

### போட்ட உடனேயே மங்கல்: குரோம் தோல்

குரோம் தோலில் குளிர்ந்த பஞ்ச் நிற்காது. நனைத்தாலும் நிற்காது. அழுத்தினால் ஸ்பாஞ்ச்போல் எழும்பிவிடும். சூடான பிரஸ் வேண்டும். நான் 100 டிகிரியில் தொடங்கி 3 நொடி அழுத்துவேன். போதவில்லை என்றால் முதலில் நேரத்தை 5 நொடிவரை கூட்டுவேன், அப்புறம் அழுத்தத்தை, அதற்கும் அப்புறம்தான் சூட்டை ஐந்து ஐந்து டிகிரியாக. 120 வந்தும் தெளிவில்லை என்றால் அந்தத் தோல் எழுத்தைப் பிடிக்காது. அங்கே நிறுத்திவிட்டு, வெஜ்-டேனில் எழுத்து போட்ட சின்னப் பட்டியைத் தைத்துக் கொடுப்பதுதான் நேர்மையான வேலை.

### ஒரு பக்கம் ஆழம், மறுபக்கம் மங்கல்

அடியில் கைவிட்டுத் தடவுங்கள். தையல் மடிப்பு, ஜிப் பட்டை, உள்பாக்கெட்டின் ஓரம், ஏதாவது ஒன்று எழுத்துக்குக் கீழே ஓடும். இடத்தை ஒரு விரல்கடை நகர்த்தினால் முடிந்தது. அடி சமமாக இருந்தும் அப்படியே விழுந்தால் பிரஸ்ஸின் தட்டு சாய்ந்திருக்கிறது. வெள்ளைத்தாள் மேல் கார்பன் தாளை வைத்து, சூடில்லாமல் ஒருமுறை அழுத்துங்கள். எந்த மூலை வெளுத்திருக்கிறதோ அந்தப் பக்கம் அச்சுக்குப் பின்னால் மெல்லிய தாள் ஒன்றோ இரண்டோ கொடுங்கள். பழைய அச்சகங்களில் எழுத்துக்கு அடியில் தாள் கொடுத்து உயரம் சமன் செய்வார்களே, அதே வேலைதான். தாள் கொடுத்தும் தீராமல் தண்டே ஆடுகிறது என்றால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கும்.

### அன்று நன்றாக இருந்தது, சில நாளில் மறைகிறது

மூன்று காரணம் பார்க்கிறேன். பையின் தோலுக்குப் பின்னால் ஃபோம் வைத்திருப்பார்கள். அது தோலை மெல்ல மெல்ல மேலே தள்ளும். இதற்கு வழியில்லை, எழுத்தை ஃபோம் இல்லாத வாருக்கோ லேபிளுக்கோ மாற்றுங்கள். இரண்டாவது, எழுத்து முழுவதும் காய்வதற்கு முன்பே எண்ணெயோ கிரீமோ தடவியிருப்பார்கள். ஒரு நாள் நிழலில் காயட்டும், அதற்கப்புறம் தடவுங்கள். மூன்றாவது, திரும்பத் திரும்ப நனைவது.

இந்த மூன்றாவது நம் ஊரில் அதிகம். எருது விடும் விழாவுக்கு முன்னால் மாட்டுக் கழுத்தின் சலங்கைப் பட்டையில் பெயரெழுத்து கேட்டு வருவார்கள். மாட்டின் வியர்வை, குளிப்பாட்டும் தண்ணீர், கழுத்தின் அசைவு மூன்றும் சேர்ந்து எழுத்தைத் தின்றுவிடும். இதற்கு 3 மி.மீ.க்குக் குறையாத வெஜ்-டேன் வேண்டும். சதுர முனை கொண்ட பெரிய எழுத்தாக ஆழமாக அடித்து, முழுக்கக் காயவிட்டு, பள்ளத்துக்குள் மட்டும் கருப்புத் தோல்சாயம் விட்டு, அதன்மேல் மெழுகு தேய்க்க வேண்டும். பள்ளம் கொஞ்சம் எழும்பினாலும் கருப்பு நிற்கும். கொக்கித் துளைக்குப் பக்கத்தில் போடாதீர்கள், அங்கேதான் பட்டை அதிகம் வளையும்.

பைக் ஜாக்கெட்டும் இதே வகைதான். ஓசூரிலிருந்து வரும் ரைடர்கள் நெஞ்சிலோ கைப்பட்டையிலோ இனிஷியல் கேட்பார்கள். ஜாக்கெட் தோல் 1 மி.மீ.யை ஒட்டிய மெல்லிய குரோம். நேராகப் பதித்தால் ஒரு மழைக்காலம் தாங்காது. பட்டி தைப்பதே வழி. தோள், முழங்கை இரண்டிலும் தைக்க வேண்டாம். விழுந்தால் முதலில் உரசும் இடம் அது, ஊசித்துளை தோலைப் பலவீனப்படுத்தும். கையுறையில் பெயர் போடுவதானால் மணிக்கட்டுப் பட்டையில் மட்டும்.

## எழுத்து இரட்டையாக, நிழலோடு தெரிகிறது

ஒரே பஞ்சை இரண்டுமுறை அடித்திருக்கிறீர்கள், அல்லது அடி விழுந்ததும் பஞ்ச் துள்ளியிருக்கிறது. பஞ்சை விரல் நுனியால் பிடிக்காமல், உள்ளங்கையின் ஓரம் தோலில் படும்படி பிடித்து ஒரே அடி அடியுங்கள். தோல் வழுக்கினால் ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் கல்லோடு ஒட்டுங்கள். பூச்சுள்ள தோலில் அந்த டேப்பை ஒட்டாதீர்கள், எடுக்கும்போது பூச்சையும் பிய்க்கும்.

விழுந்த நிழலை வெஜ்-டேனில் ஓரளவு அழிக்கலாம். அன்றே நனைத்து, ஸ்பூனின் முதுகால் நிழல் விழுந்த பக்கம் மட்டும் தேயுங்கள். காய்ந்து நாளாகிவிட்டால் போகாது.

## தமிழ் எழுத்தில் சுழி அடைபடுகிறது, புள்ளி ஓட்டையாகிறது

இது எனக்கு மிகவும் பிடித்த வேலை. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ஆங்கில எழுத்துப் பஞ்ச் எங்கும் ரெடிமேடாகக் கிடைக்கிறது. தமிழுக்குப் பெரும்பாலும் சொல்லித்தான் செய்ய வேண்டும். செய்யும்போது ஆங்கில எழுத்தின் அளவையே கொடுத்துவிடுகிறார்கள். 6 மி.மீ. உயரத்தில் ஆங்கில எழுத்து அழகாக நிற்கும். அதே உயரத்தில் 'இ', 'ஞ', 'ஜ', 'ண' போட்டால் சுழிக்குள் இருக்கும் தோல் நசுங்கி, சுழி முழுக்க ஒரே பள்ளமாகிவிடும்.

முதலில் செலவில்லாத வழி. ஈரத்தைக் குறைத்து, அழுத்தத்தையும் குறைத்துப் போட்டுப் பாருங்கள். சுழி கொஞ்சம் திறக்கும். போதாவிட்டால் எழுத்தைப் பெரிதாக்குங்கள். தமிழுக்கு 10 மி.மீ. உயரத்துக்குக் கீழே நான் போவதில்லை. சுழியின் உள் இடைவெளி 1 மி.மீ.க்குக் குறையக் கூடாது, கோட்டின் தடிமன் 0.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. எழுத்துருவில் ஒரு கோடு தடிமனாகவும் ஒரு கோடு மயிரிழையாகவும் இருக்கும் வகையைத் தவிருங்கள். எல்லாக் கோடும் ஒரே தடிமனாக ஓடும் எழுத்துருவே தோலுக்கு ஏற்றது. கணினியில் அழகாகத் தெரிவதை நம்பாமல், அதே அளவில் தாளில் அச்சடித்துப் பையின்மேல் வைத்துப் பாருங்கள்.

புள்ளி தனிச் சிக்கல். மெய்யெழுத்தின் புள்ளியும் இனிஷியலுக்குப் பின் வரும் புள்ளியும் அச்சில் ஊசிமுனைபோல் நிற்கும். எழுத்துக்குப் போதுமான அழுத்தம் கொடுத்தால் புள்ளி தோலைத் துளைத்துவிடும். புள்ளியின் விட்டம் 1.2 மி.மீ. இருக்கட்டும், தலை தட்டையாக இருக்கட்டும். ஏற்கெனவே செய்த அச்சென்றால் புள்ளியின் தலையை மட்டும் மெல்லிய உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுங்கள். இனிஷியலுக்குப் பின் வரும் புள்ளியை அச்சிலேயே சேர்க்காமல், மொட்டை ஆணிபோல் ஒரு தனிப் பஞ்ச் வைத்து மெதுவாகத் தட்டுவது இன்னும் சுத்தம்.

இடைவெளியும் தமிழில் ஏமாற்றும். பஞ்சுகளின் உடல் எல்லாம் ஒரே அகலம், எழுத்தோ 'ர' ஒல்லி, 'ண' அகலம். பஞ்சை ஒட்டி ஒட்டி வைத்து அடித்தால் 'ர'வைச் சுற்றி வயல் மாதிரி வெற்றிடம் கிடக்கும். அடிப்பதற்கு முன் எழுத்தை டிரேசிங் தாளில் அடுக்கிப் பார்த்து, ஒவ்வொன்றின் நடுவையும் குத்தூசியால் தோலில் லேசாகக் குறித்துக்கொள்ளுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், மை போகாது.

அச்சு செய்வதில் மலிவான வழி முப்பரிமாண பிரிண்டரில் போட்ட பிளாஸ்டிக் அச்சு. ஈரமான வெஜ்-டேனில், சூடில்லாமல், அது நன்றாகவே வேலை செய்யும். வழக்கமாக இதற்குப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரியை ஒட்டியே இளகிவிடும், அதனால் சூடான பிரஸ்ஸில் மாட்டவே கூடாது. சூட்டுக்கு ஜிங்க், மெக்னீசியம் அல்லது பித்தளை பிளாக், அதாவது உலோக அச்சு. ஒரே லோகோவைப் பலகாலம் அடிப்பதானால் பித்தளைக்குக் கொடுக்கும் காசு வீணாகாது. அரித்தோ சி.என்.சி.யிலோ பிளாக் செய்பவரிடம் போகும்போது எழுத்தை நேராகக் கொடுத்து, "தோலில் நேராக விழ வேண்டும், அச்சில் திருப்பிப் போடுங்கள்" என்று எழுதியே கொடுங்கள். தமிழ் தெரியாத ஊரில் கொடுத்தால் எழுத்தைப் படமாக மாற்றிக் கொடுங்கள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும்.

## எழுத்தைச் சுற்றி நீலக் கருப்புக் கறை

பெரும்பாலும் வெஜ்-டேனில்தான் வரும். பட்டைச் சாற்றில் இருக்கும் டானினும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கருப்பு மைதான். முதலில் பஞ்சின் முகத்தைத் துணியில் தேயுங்கள். செம்மை ஒட்டினால் துரு. மண்ணெண்ணெயும் மெல்லிய எமரி தாளும் போட்டுச் சுத்தம் செய்து, எண்ணெய் வாசம்கூட இல்லாமல் துடைத்துவிட்டு அடியுங்கள். பஞ்ச் சுத்தம், ஆனாலும் கறை வருகிறதா? மேசைமேல் கிடந்த இரும்புத்தூள், பிளேடு, கத்தரிக்கோல் என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் தண்ணீர். சில போர் தண்ணீரில் இரும்பு இருக்கும். வாளியில் பிடித்து வைத்தால் மறுநாள் செம்மண் நிறத்தில் அடியில் படிவதைப் பார்க்கலாம். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீருக்கு மாறிப் பாருங்கள், அல்லது பேட்டரி கடையில் விற்கும் பேட்டரி தண்ணீரை வாங்குங்கள். ஒரு பாட்டில் நிறைய நாள் வரும்.

விழுந்த கறைக்கு எலுமிச்சைச் சாறு. பருத்திப் பஞ்சில் தொட்டுக் கறைமேல் வைத்தால் கண்ணெதிரே வெளுக்கும். அப்புறம் சுத்தமான தண்ணீரால் அந்த இடத்தை மட்டுமல்லாமல் முழுப் பட்டியையும் துடைத்துக் காயவிடுங்கள். சாறு தோலிலேயே தங்கக் கூடாது. ஆக்சாலிக் அமிலம் இன்னும் வேகமாக எடுக்கும், ஆனால் அது விஷம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்தப் பாட்டிலே வேண்டாம்.

## கருகல், சுருக்கம், பிசுபிசுப்பு

எழுத்து கருத்து, கண்ணாடிபோல் பளபளத்து, தொட்டால் விறைப்பாக இருந்தால் சூடு அதிகம். சுற்றியுள்ள தோல் எழுத்தை நோக்கி இழுத்துச் சுருங்கியிருந்தால் ஈரத்தோடு சூடு கொடுத்திருக்கிறீர்கள். ஈரமான வெஜ்-டேன் 70, 80 டிகிரியிலேயே சுருங்கத் தொடங்கும். நன்றாகப் பதனிட்ட குரோம் தோலோ கொதிநீரையே தாங்கும். அதனால் வெஜ்-டேனில் ஈரம் அல்லது சூடு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். காய்ந்த தோலுக்கு 90 டிகிரியில் தொடங்கலாம். ஈரமாகப் போடுகிறீர்கள் என்றால் கைச்சூட்டுக்கு மேல் போகாதீர்கள்.

பிசுபிசுவென்று அச்சில் ஒட்டிக்கொண்டு வந்தால் அது தோலே இல்லை. ரெக்சினோ பி.யு.வோ. ஜன்னலைத் திறந்து வையுங்கள். ரெக்சினின் பி.வி.சி. பிளாஸ்டிக் கருகினால் வரும் புகை மூக்கையும் கண்ணையும் அரிக்கும், நுரையீரலுக்குக் கெடுதல். பி.யு.வில் 80 டிகிரியில், ஒரு நொடியில் தொடங்கிப் பார்க்கலாம். ரெக்சினுக்கு வேலையே எடுக்காதீர்கள்.

கருகிய இடத்துக்குச் சாயம் பூசி மறைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நிறம் மறையும், வளைத்தால் வெடிக்கும். அதன்மேல் பட்டி தைப்பது ஒன்றே வழி. விலை உயர்ந்த பையோ, தாத்தா காலத்துப் பெட்டியோ என்றால் நீங்களே தொடாமல் தோல் சீரமைப்பு செய்கிறவரிடம் கொடுங்கள்.

## எழுத்தின் ஓரம் வெடிக்கிறது அல்லது வெட்டுகிறது

புதிய பஞ்சின் ஓரம் கத்திபோல் இருக்கும். 1000 எண் உப்புத்தாளை கண்ணாடிமேல் விரித்து முகத்தை மெதுவாக எட்டு போடுவதுபோல் தேயுங்கள். அது சரியாக இருந்தால் தோல் வறண்டிருக்கிறது. வெஜ்-டேனை நன்றாக நனைத்து மறுபடி சோதியுங்கள். பூச்சுள்ள பையில் வெடிப்பது தோல் இல்லை, மேலே உள்ள வண்ணப் படலம். அதற்குக் கொஞ்சம் சூடும் குறைந்த ஆழமும் தேவை. அப்படியும் வெடித்தால் விட்டுவிடுங்கள்.

## தங்க ஃபாயில் கோளாறுகள்

ஒட்டவே இல்லை. ஃபாயிலை, அதாவது சூட்டில் தோலோடு ஒட்டும் தங்கநிறத் தாளை, திருப்பிப் போட்டிருப்பார்கள். பளபளப்பு உங்களைப் பார்க்க வேண்டும், மங்கலான பக்கம் தோலைத் தொட வேண்டும். அது சரியென்றால் தோல்மேல் பாலிஷ், மெழுகு, சிலிக்கான் ஸ்ப்ரே ஏதோ இருக்கிறது. சுத்தமான பனியன் துணியில் ஸ்பிரிட் தொட்டு, மறைவில் சோதித்த பிறகு, எழுத்து வரும் இடத்தை ஒரே இழுப்பில் துடையுங்கள். எண்ணெய் ஏற்றிய தோல், அதாவது வளைத்தால் நிறம் வெளுக்கும் வகை என்றால் ஃபாயில் இன்று ஒட்டினாலும் நாளைக்கு உரியும். அதில் ஃபாயில் இல்லாத வெறும் பதிப்பே அழகு.

அங்கங்கே விட்டுப்போகிறது. எருமைத் தோல் மாதிரி மணிமணியான தோலில் பள்ளத்துக்குள் ஃபாயில் எட்டாது. முதலில் ஃபாயில் இல்லாமல் சூடான அச்சை ஒருமுறை அழுத்தி மணிகளைத் தட்டையாக்குங்கள். அச்சை நகர்த்தாமல் ஃபாயிலை நுழைத்து இரண்டாவது அழுத்து.

எழுத்துக்கு வெளியே தங்கம் பரவுகிறது, சுழி அடைகிறது. சூடு அதிகம், அல்லது நேரம் அதிகம். ஐந்து டிகிரி இறக்கி, நேரத்தையும் ஒரு நொடியாக்குங்கள். ஒட்டிய துகளை மாஸ்கிங் டேப்பின் ஒட்டும் பக்கத்தால் மெல்லத் தொட்டு எடுக்கலாம்.

உரிக்கும்போது சேர்ந்தே வருகிறது. இரண்டு மூன்று நொடி ஆறவிட்டு உரித்துப் பாருங்கள். அப்படியும் வந்தால் ஃபாயில் வகை பொருந்தவில்லை. தாளுக்கானது வேறு, தோலுக்கானது வேறு. வாங்கும்போது தோலுக்கு என்று சொல்லி, சின்ன ரோல் ஒன்றை மட்டும் வாங்குங்கள்.

## பள்ளத்துக்குள் வெள்ளைப் பூச்சு

ஹேர் டிரையரைக் காட்டுங்கள். உருகி மறைந்தால் தோலிலிருந்த கொழுப்பு குளிருக்கு மேலே வந்திருக்கிறது, துடைத்தால் போதும். மறையவில்லை என்றால் பூஞ்சை. காற்றாட வைத்து, உலர்ந்த பிரஷ்ஷால் வெளியே வைத்துத் தட்டுங்கள்.

## காட்டும் டிகிரி ஒன்று, விழும் எழுத்து வேறு

காலையில் நன்றாக விழுந்த எழுத்து மாலையில் மங்கினால் கரண்டைச் சந்தேகியுங்கள். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 190 வந்தால் ஹீட்டரின் பலம் மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். சூடு ஏறும், ஆனால் மெதுவாக ஏறும், ஒவ்வொரு அழுத்துக்கும் பிறகு இறங்கும். அழுத்துகளுக்கு இடையே நேரம் கொடுங்கள். குளிர்காலக் காலையில் டிகிரி வந்ததும் வேலையைத் தொடங்காதீர்கள். அச்சு முழுக்கச் சூடேற இன்னும் பத்து நிமிடம் விடுங்கள்.

அடுத்து, வெப்பம் அளக்கும் ஒயரின் முனை தட்டில் சரியாகச் செருகியிருக்கிறதா பாருங்கள். கொஞ்சம் வெளியே வந்திருந்தாலும் மெஷின் குறைவாகச் சூடு இருப்பதாக நினைத்துக் கூட்டிக்கொண்டே போகும். கருகலுக்கு இது ஒரு முக்கியக் காரணம். துப்பாக்கிபோல் காட்டி அளக்கும் வெப்பமானியைப் பளபளக்கும் பித்தளைமேல் நம்பாதீர்கள், மிகக் குறைவாகக் காட்டும். மல்டிமீட்டரோடு வரும் வெப்ப ஒயரை அச்சைத் தொடவைத்து அளப்பதே சரி.

தொட்டால் ஷாக் அடிக்கிறது, கருகல் வாசம் வருகிறது, எம்.சி.பி. விழுகிறது, இந்த மூன்றில் எது நடந்தாலும் பிளக்கைப் பிடுங்குங்கள். அதற்குமேல் எலக்ட்ரீஷியன் வேலை. ஹீட்டர் ராடு மாற்றும்போது எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

## எழுத்தே தவறு, அல்லது கோணல்

கோணலை வெஜ்-டேனில் அன்றைக்கே நனைத்துத் தேய்த்தால் பாதி குறையும். மீதியை மறைக்க எழுத்தைச் சுற்றி ஒரு கட்டமோ மாங்காய்ப் பூவோ அதே கோணத்தில் பதித்தால் கண்ணுக்குச் சரியாகிவிடும். மற்ற தோலில் பட்டிதான்.

தவறான எழுத்து வருவதற்குக் காரணம் கையல்ல, கேட்டுக்கொண்ட விதம். போனில் சொன்ன 'ன'வும் 'ண'வும், 'ர'வும் 'ற'வும் மாறும். அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் வருமா, கல்யாணமான பெண்ணென்றால் அப்பா இனிஷியலா வீட்டுக்காரர் இனிஷியலா, தமிழிலா ஆங்கிலத்திலா, புள்ளி உண்டா இல்லையா, இவற்றை நாமாக முடிவு செய்யக் கூடாது. பரிசாக வாங்குகிறவருக்கே சில சமயம் தெரியாது. ஒரு போன் போட்டுக் கேட்டுவிடச் சொல்லுங்கள். அப்புறம் வாடிக்கையாளர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்கி, அதன் பக்கத்தில் சோதனைத் துண்டில் விழுந்த எழுத்தை வைத்துக் காட்டி, அவர் "சரி" என்ற பிறகு பையைக் கல்லின்மேல் வையுங்கள்.